குயின்ஸ்லாந்தில் கவுன்சில் ரேட்ஸும் தண்ணீர் பில்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வீடு வாங்கிக் குடிபோன தமிழ்க் குடும்பங்கள் முதல் ரேட்ஸ் பில் வந்ததும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பிறந்தநாள் வீடுகளிலும் கோயில் வளாகத்திலும் நின்றபடியே பலமுறை பதில் சொன்னவைதான் இவை. இங்கே சொல்வது குயின்ஸ்லாந்துக்கு மட்டும் பொருந்தும். சிட்னியிலும் மெல்பர்னிலும் சட்டம் வேறு.

ரேட்ஸ் என்பது நம் ஊர் வீட்டு வரி மாதிரிதானே?

அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தமிழ்நாட்டில் சொத்து வரி என்றும் வீட்டு வரி என்றும் கட்டியிருப்பீர்கள், யாழ்ப்பாணத்தில் சோலை வரி கட்டியிருப்பீர்கள். சாலை, பூங்கா, நூலகம், மழைநீர் வடிகால் போன்ற உள்ளூர் வேலைகளுக்காக உள்ளாட்சி அமைப்பு (இங்கே அதன் பெயர் கவுன்சில்) வாங்கும் பணம் என்பதில் எல்லாம் ஒன்றே.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே கட்டடத்தின் அளவையும் அது எவ்வளவு வாடகைக்குப் போகும் என்பதையும் வைத்து வரி போடுவார்கள். குயின்ஸ்லாந்தில் கட்டடத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை, நிலத்தின் மதிப்பு மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகள் தானாகவே தெளிவாகிவிடும்.

ஒரே பில்லில் ஏன் இத்தனை தலைப்புகள்?

பார்க்க ஒரே பில், ஆனால் பணம் பல இடங்களுக்குப் போகிறது. பில் கைக்கு வந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு முன், எந்த வரி யாருக்குப் போகிறது என்று பிரித்துப் பாருங்கள். எதற்கு யாரிடம் பேசலாம், எதைக் குறைக்க வழி இருக்கிறது என்பதெல்லாம் அதை வைத்துத்தான்.

குயின்ஸ்லாந்தின் 77 உள்ளாட்சிகளுக்கும் நான்கு வகையாகப் பணம் வாங்க அதிகாரம் உண்டு. பிரிஸ்பேனுக்கு 2010ஆம் ஆண்டின் தனிச் சட்டம், மற்றவற்றுக்கு 2009ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். முதல் வகை பொது ரேட். நிலத்தின் மதிப்பை வைத்துப் போடப்படுவது இதுதான், பில்லில் பெரும்பாலும் பெரிய தொகையும் இதுவே. இரண்டாவது பயன்பாட்டுக் கட்டணம்: குப்பை, தண்ணீர், கழிவுநீர் போன்ற சேவைகளுக்கு. மூன்றாவது, ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் நடக்கும் வேலைக்காக அங்கே இருப்பவர்களிடம் வாங்கும் சிறப்புக் கட்டணம். கிராமப்புறத் தீயணைப்புக் குழுக்களுக்கான பணம் பல இடங்களில் இப்படித்தான் வசூலாகிறது. நான்காவது, எல்லோரிடமும் ஒரே நோக்கத்துக்காக வாங்குவது. பிரிஸ்பேன் பில்லில் வரும் காட்டுநிலப் பாதுகாப்புக்கான தொகை இதற்கு உதாரணம்.

இவை போக, அவசரகால மேலாண்மைக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். அது கவுன்சிலின் பணம் இல்லை. மாநில அரசுக்காகக் கவுன்சில் வசூலித்துக் கொடுக்கிறது. 2014ஆம் ஆண்டுக்கு முன் நகர்ப்புறத் தீயணைப்புக் கட்டணம் என்ற பெயரில் இருந்தது. அதன் அளவைப் பற்றிக் கவுன்சில் அலுவலகத்தில் வாதாடிப் பயனில்லை, அவர்கள் கையில் எதுவும் இல்லை.

பொது ரேட்டை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

நிலத்தின் மதிப்பை ஒரு விகிதத்தால் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். மதிப்பில் டாலருக்கு இத்தனை சென்ட் என்று கவுன்சில் தன் பட்ஜெட்டில் அறிவிக்கும். கணக்குக்காக ஒரு எண்ணை எடுத்துக்கொள்வோம். உங்கள் நிலத்தின் மதிப்பு 4,00,000 டாலர், விகிதம் டாலருக்கு 0.3 சென்ட். அப்படியானால் வருடத்துக்கு 1,200 டாலர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பில் வரும் பிரிஸ்பேன் போன்ற இடத்தில், ஒவ்வொரு பில்லிலும் இதில் 300 டாலர் வரும். வேறு பல கவுன்சில்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பில் அனுப்புகின்றன. மாற்றலாகிப் போனவர்களுக்கு ரேட்ஸ் இரட்டிப்பாகிவிட்டது போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆறு மாத பில்லை மூன்று மாத பில்லோடு ஒப்பிட்டுவிட்டுப் பதறுவார்கள்.

இதற்கு ஓர் அடிமட்டமும் உண்டு. நிலத்தின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும், குறைந்தபட்சப் பொது ரேட் என்று ஒரு தொகையைக் கவுன்சில் வைக்கலாம். யூனிட் (அடுக்குமாடி வீடு) வைத்திருப்பவர்கள் பலர் இந்தக் குறைந்தபட்சத் தொகையைத்தான் கட்டுகிறார்கள்.

நிலத்தின் மதிப்பை முடிவு செய்வது கவுன்சிலா?

இல்லை, மாநிலத்தின் தலைமை மதிப்பீட்டாளர். 2010ஆம் ஆண்டின் நில மதிப்பீட்டுச் சட்டப்படி அவருடைய அலுவலகம் செய்யும் வேலை இது. நகர, புறநகர நிலங்களுக்கு மனை மதிப்பு என்ற முறை. மண் நிரப்பி, சமப்படுத்தி, வடிகால் அமைத்த மனை இன்றைய சந்தையில் என்ன விலை போகும் என்று பார்ப்பார்கள். மேலே நிற்கும் வீட்டைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். விவசாய நிலத்துக்கு, மனிதக் கை படாத நிலையில் அந்த நிலம் எவ்வளவு பெறும் என்று பார்ப்பார்கள்.

ஆகவே நீங்கள் பின்பக்கம் ஓர் அறை கட்டினாலும், நீச்சல் குளம் போட்டாலும், சமையலறையைப் புதுப்பித்தாலும் பொது ரேட் அதனால் ஏறாது. நம்மவர்கள் பலர் இதை நம்புவதே இல்லை. ஊரில் மாடி எடுத்தால் வரி கூடியதைப் பார்த்த பழக்கம்.

மதிப்பு ஒரே வருடத்தில் 20 சதவீதம் ஏறிவிட்டது. ரேட்ஸும் அவ்வளவு ஏறுமா?

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான், மிக அதிகமான வீண் பயமும் இதில்தான்.

கவுன்சில் ஒவ்வொரு வருடமும் ஜூலை 1இல் தொடங்கும் நிதியாண்டுக்கு பட்ஜெட் போடுகிறது. சாலைக்கு இவ்வளவு, நூலகத்துக்கு இவ்வளவு என்று முதலில் தேவை தெரிகிறது. அந்தத் தொகையை ஊரில் உள்ள நிலங்களின் மீது பங்கிட்டுக் கொடுக்கும் அளவுகோல்தான் மதிப்பு. எல்லா நிலங்களின் மதிப்பும் ஒரே வேகத்தில் இரட்டித்துவிட்டால், விகிதத்தைப் பாதியாகக் குறைத்தாலே கவுன்சிலுக்கு அதே பணம் வந்துவிடும். நீங்கள் கட்டுவதும் மாறாது.

அதனால் பார்க்க வேண்டியது உங்கள் மதிப்பு எவ்வளவு ஏறியது என்பதை மட்டும் அல்ல, அது ஊரின் சராசரி ஏற்றத்தைவிடக் கூடுதலா என்பதை. ஊர் முழுக்க 20 சதவீதம் ஏறி உங்களுடையதும் 20 ஏறியிருந்தால், உங்கள் பங்கு அப்படியே இருக்கிறது. ஊர் 10 ஏறி, உங்கள் பகுதி 30 ஏறியிருந்தால் உங்கள் பங்கு கூடும். புதிதாக ரயில் நிலையமோ பள்ளியோ வந்து திடீரென்று விலை ஏறிய பகுதிகளில் இருப்பவர்களைத்தான் இது பாதிக்கும்.

இந்தத் திடீர் ஏற்றத்தை மென்மையாக்கச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரண்டு மூன்று வருட மதிப்புகளின் சராசரியை எடுத்துக்கொள்வது. பிரிஸ்பேன் மூன்று வருடச் சராசரியைப் பயன்படுத்துகிறது. இன்னொன்று, ஒரு வருடத்தில் பொது ரேட் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று கவுன்சிலே வரம்பு கட்டுவது. உங்கள் கவுன்சில் இவற்றில் எதைச் செய்கிறது என்பது பட்ஜெட்டோடு வெளியாகும் வருவாய் அறிக்கையில் இருக்கும். வறட்டு ஆவணம்தான், ஆனாலும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மதிப்பே தவறு என்று நினைக்கிறேன். என்ன செய்யலாம்?

ஆட்சேபம் தெரிவிக்கலாம். மதிப்பீட்டு அறிவிப்பு வழக்கமாக மார்ச் மாத வாக்கில் வரும். அதில் உள்ள தேதியிலிருந்து 60 நாட்கள் அவகாசம். எல்லாப் பகுதிக்கும் ஒவ்வொரு வருடமும் புதிய மதிப்பு வராது, வந்த வருடத்தில் விட்டுவிட்டால் அந்த எண்ணையே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். புதிய மதிப்பு ஜூன் 30 முதல் நடைமுறைக்கு வரும், அதற்குப் பிறகுதான் ரேட்ஸ் பில் வரும். பலர் செய்யும் தவறு இங்கேதான். மார்ச்சில் வந்த கடிதத்தை மேஜை டிராயரில் போட்டுவிட்டு, பில்லைப் பார்த்துத்தான் விழித்துக்கொள்கிறார்கள். அப்போது 60 நாள் கடந்து போயிருக்கும்.

“ரேட்ஸ் அதிகமாகிவிடும்” என்பது ஏற்கத்தக்க காரணம் அல்ல. மதிப்பு ஏன் தவறு என்று காட்ட வேண்டும். பக்கத்தில் அண்மையில் விற்ற நிலங்களின் விலை, உங்கள் நிலம் வெள்ளம் ஏறும் இடத்தில் இருப்பது, சரிவு, நிலத்தின் குறுக்கே போகும் குழாய் போன்றவற்றைச் சொல்லலாம். முடிவு திருப்தியில்லை என்றால் நில நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆட்சேபம் நிலுவையில் இருக்கும்போதும் பில்லைக் கட்டிவிடுங்கள். மதிப்பு குறைந்தால் கவுன்சில் கணக்கைச் சரிசெய்யும்.

பக்கத்து வீடும் என் வீடும் ஒரே அளவு. எனக்கு மட்டும் ஏன் அதிகம்?

முதலில் பில்லில் உங்கள் வீடு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பாருங்கள். பிரிஸ்பேன், லோகன், இப்ஸ்விச் உட்படப் பல கவுன்சில்கள், சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்குக் குறைந்த விகிதமும், வாடகைக்கு விட்ட வீட்டுக்குக் கூடுதல் விகிதமும் வைத்திருக்கின்றன. வாடகைக்கு விடப்பட்டிருந்த வீட்டை வாங்கிக் குடிபோயிருந்தால், பழைய பிரிவே உங்கள் பெயரிலும் தொடர்ந்துகொண்டிருக்கலாம். கவுன்சிலுக்கு ஒரு போன் போட்டு, கேட்கும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் மாற்றிவிடுவார்கள். இரண்டு மூன்று வருடம் தெரியாமலேயே கூடுதலாகக் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். மனம் கொதிக்கிறது.

நேர்மாறாகவும் நடக்கும். நீங்கள் வேறு ஊருக்குப் போய் வீட்டை வாடகைக்கு விட்டால், அதைக் கவுன்சிலுக்குத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. வீடு முழுவதையும் சில நாள் தங்கும் விருந்தினர்களுக்கு விடுபவர்களுக்கென்று பிரிஸ்பேன் 2022இல் இன்னும் கூடுதலான விகிதத்தில் தனிப் பிரிவு கொண்டுவந்தது.

யூனிட்டுக்கு நிலம் ஏது? அதற்கு எப்படி?

கட்டடம் நிற்கும் மொத்த மனைக்கும் ஒரு மதிப்பு போட்டு, ஒவ்வொரு யூனிட்டுக்கும் பதிவான பங்குக்கு ஏற்பப் பிரிப்பார்கள். கட்டடத்தின் பொதுப் பராமரிப்புக்காக யூனிட் சொந்தக்காரர்களின் கூட்டமைப்பு வாங்கும் பாடி கார்ப்பரேட் கட்டணம் இதோடு சேர்ந்தது அல்ல, அது தனி.

தண்ணீர் பில் கவுன்சிலிலிருந்து வரவில்லையே?

எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2010இல் தென்கிழக்கு குயின்ஸ்லாந்தில் தண்ணீர், கழிவுநீர் வேலையைக் கவுன்சில்களிடமிருந்து பிரித்துத் தனி அமைப்புகளிடம் கொடுத்தார்கள். பிரிஸ்பேன், இப்ஸ்விச், லாக்யர் வேலி, சீனிக் ரிம், சோமர்செட் பகுதிகளுக்கு அர்பன் யூட்டிலிட்டீஸ் என்ற நிறுவனம். மோர்டன் பே, சன்ஷைன் கோஸ்ட், நூசாவுக்கு யூனிட்டிவாட்டர். கோல்ட் கோஸ்ட், லோகன், ரெட்லேண்ட் மூன்றும் 2012இல் அந்த வேலையைத் தங்கள் கைக்கே திரும்ப எடுத்துக்கொண்டன. தென்கிழக்குக்கு வெளியே பெரும்பாலும் கவுன்சில்தான்.

இந்தத் தென்கிழக்குப் பகுதியில், பில்லை யார் அனுப்பினாலும் உள்ளே ஏறத்தாழ ஒரே அமைப்பு. இணைப்பு இருப்பதற்காகத் தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் நிலையான கட்டணம், அப்புறம் மீட்டரில் ஓடிய ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் இரண்டு கட்டணங்கள். அந்த இரண்டில் ஒன்று, அணையிலிருந்து தண்ணீரைச் சேகரித்துச் சுத்திகரித்து அனுப்பும் சீக்வாட்டர் என்ற மாநில அமைப்புக்குப் போகிறது. மற்றது, அதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் நிறுவனத்துக்கு. சிக்கனமாக இருந்தால் மீட்டரை வைத்து வரும் இந்த இரண்டு கட்டணங்கள் மட்டும் குறையும், நிலையான கட்டணம் குறையாது. இரண்டு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தவர்கள், “ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்கவில்லை, இவ்வளவு பில்லா” என்று கேட்பதற்கு நிலையான கட்டணம்தான் பதில்.

திடீரென்று தண்ணீர் பில் மூன்று மடங்கு வந்திருக்கிறது.

கசிவாக இருக்கலாம். இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் தண்ணீர் எடுக்கும் முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மீட்டரிலிருந்து வீட்டுப் பக்கம் உள்ள குழாய் உங்களுடையது, பழுதுபார்ப்பதும் உங்கள் செலவு. ஆனால் மண்ணுக்கு அடியிலோ தரைக்குக் கீழேயோ கண்ணுக்குத் தெரியாமல் கசிந்திருந்தால், உரிமம் உள்ள பிளம்பரை வைத்துச் சரிசெய்த ரசீதோடு விண்ணப்பித்துப் பில்லில் ஒரு பகுதியைத் தள்ளுபடி கேட்கலாம். கழிவறைத் தொட்டி ஒழுகியது பெரும்பாலும் இதில் சேராது.

வாரம் ஒருமுறைகூடக் குப்பைத் தொட்டி வைப்பதில்லை. கட்டணத்தை நீக்குவார்களா?

மாட்டார்கள். எத்தனை முறை வெளியே வைக்கிறீர்கள் என்பதற்கு அல்ல, சேவை உங்கள் முகவரிக்கு இருப்பதற்குத்தான் கட்டணம். சின்னத் தொட்டிக்கு மாறினால் குறையுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், சில கவுன்சில்களில் உண்டு.

வாடகைக்கு இருக்கிறோம். தண்ணீர் பில்லை எங்களிடம் கேட்கிறார் வீட்டுக்காரர். சரியா?

மூன்று நிபந்தனைகளும் இருந்தால் சரி: உங்கள் வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்க வேண்டும், வாடகை ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும், வீட்டுக் குழாய்கள் தண்ணீர்ச் சிக்கனத் தரத்தில் இருக்க வேண்டும். அதாவது ஷவரும் குழாய்களும் நிமிடத்துக்கு 9 லிட்டருக்கு மேல் கொட்டக் கூடாது, கழிவறையில் இரண்டு அளவு பொத்தான் வேண்டும். அப்போதும் மீட்டரில் ஓடிய தண்ணீருக்கு மட்டும்தான் உங்களிடம் வாங்கலாம். நிலையான கட்டணம், கழிவுநீர்க் கட்டணம், கவுன்சில் ரேட்ஸ் எல்லாம் வீட்டுக்காரருடையவை. மொத்த பில்லையும் அனுப்பிப் பணம் கேட்டால் தலையாட்டிவிடாதீர்கள், பில்லின் நகலைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் ஆர்டிஏ எனப்படும் குடியிருப்பு வாடகை ஆணையத்திடம் இலவசமாக விளக்கம் பெறலாம்.

அம்மா அப்பா பென்ஷன் வாங்குகிறார்கள். ஏதாவது சலுகை உண்டா?

உண்டு. தயவுசெய்து இன்றே பாருங்கள். மாநில அரசு ரேட்ஸில் 20 சதவீதம், வருடத்துக்கு அதிகபட்சம் 200 டாலர் வரை மானியம் தருகிறது. வருடப் பில் 1,000 டாலரைத் தொட்டாலே முழு 200 கிடைக்கும் என்று அர்த்தம். தென்கிழக்கில் தண்ணீர் பில்லுக்குத் தனியாக வருடத்துக்கு 120 டாலர் வரை உண்டு. இதற்கு மேல் பல கவுன்சில்கள் தங்கள் பங்குக்கும் தள்ளுபடி தருகின்றன.

பென்ஷனர் சலுகை அட்டை அல்லது படைவீரர்களுக்கான தங்க அட்டை வேண்டும். முதியோர் சுகாதார அட்டை மட்டும் இருந்தால் மாநில மானியம் கிடைக்காது. வீடு அவர்கள் பெயரில் இருக்க வேண்டும், அதில் அவர்களே குடியிருக்க வேண்டும். நம் குடும்பங்களில் சிக்கல் வருவது இங்கேதான். பெற்றோர் பிள்ளையின் வீட்டில் இருப்பார்கள், பத்திரம் பிள்ளை பெயரில் இருக்கும். அப்போது மானியம் இல்லை. பிள்ளையும் பெற்றோரும் கூட்டாகச் சொந்தக்காரர்கள் என்றால் பெற்றோரின் பங்குக்கு ஏற்பக் குறையும்.

இது தானாக வராது, கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். வீடு மாறினால் மறுபடியும். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, கணவர் இறந்தபின் தனியாக இருந்தவர், ஆறு வருடம் முழுத் தொகையையும் கட்டிக்கொண்டிருந்தார். படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் தொந்தரவு வேண்டாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டாராம். அவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். உங்களுக்குத் தெரிந்த பெரியவர்களிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.

இந்த முறை கட்ட முடியவில்லை. என்ன ஆகும்?

கெடு தேதிக்கு முன்னால் போன் செய்யுங்கள். தவணைத் திட்டம் போட்டுத் தருவார்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பேசாமல் விட்டால்தான் கஷ்டம். நிலுவைக்கு வட்டி ஏறும், நாளுக்கு நாள் கூட்டு வட்டியாகவும் ஏறலாம். உச்ச விகிதத்தை மாநிலச் சட்டம் வரையறுக்கிறது. உரிய தேதிக்குள் கட்டினால் தள்ளுபடி தரும் கவுன்சிலாக இருந்தால், ஒரு நாள் தாமதமும் அந்தத் தள்ளுபடியைப் பறித்துவிடும்.

ரேட்ஸ் நிலத்தின் மீதே ஏறும் கடன். மூன்று வருடம் நிலுவை வைத்தால் குடியிருப்பு நிலத்தையே விற்று வசூலிக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. அவ்வளவு தூரம் போவது அரிது, ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

வீடு வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய சொந்தக்காரரின் பாக்கி நிலத்தோடு உங்களிடம் வந்து சேரும் என்பதால், உங்கள் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) செட்டில்மென்டுக்கு, அதாவது வீடு கைமாறும் நாளுக்கு, முன் கவுன்சிலிடம் நிலுவை விசாரித்து, இருவருக்கும் நாள் கணக்கில் பிரித்துவிடுவார். தண்ணீர் மீட்டரையும் அந்த நாளுக்குப் படிக்கச் சொல்வார்கள்.

கூடவே 24ஆம் எண் படிவம் என்று ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள். அதில் எழுதும் தபால் முகவரிக்குத்தான் பில்கள் போகும். அப்போது இருந்த வாடகை வீட்டின் முகவரியை எழுதிவிட்டு, முதல் பில்லே கைக்கு வராமல் வட்டி கட்டியவர்கள் நிறையப் பேர். பில் கிடைக்கவில்லை என்பதால் வட்டி ரத்தாகிவிடாது.

நில வரி என்று வேறு ஒன்று வந்திருக்கிறதே?

அது மாநில அரசின் வரி, ரேட்ஸ் அல்ல. நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பொதுவாக விலக்கு. மற்ற நிலங்களின் மொத்த மதிப்பு ஜூன் 30 நள்ளிரவில் தனிநபருக்கு 6,00,000 டாலரையோ அதற்கு மேலோ தொட்டால் வரும். நிறுவனம், அறக்கட்டளை பெயரில் வாங்கியிருந்தால் வரம்பு 3,50,000தான்.

பில்லில் தவறு இருக்கிறது, கவுன்சில் கேட்கவில்லை. எங்கே போவது?

முதலில் கவுன்சிலுக்கே எழுத்தில் புகார் கொடுத்துக் குறிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் பேசியது பின்னால் உதவாது. பதில் திருப்தியில்லை என்றால் உள்மறுஆய்வு கேளுங்கள். அதற்கும் பிறகுதான் குயின்ஸ்லாந்து ஒம்புட்ஸ்மன், அதாவது புகார்களை விசாரிக்கும் சுதந்திரமான அதிகாரி. தென்கிழக்கில் தண்ணீர் பில் என்றால் மின்சாரம், தண்ணீருக்கான தனி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். இரண்டும் இலவசம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் 131 450 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், அவரையும் இணைத்துக்கொண்டு பேசலாம்.